மூன்று பீப்பாய்கள்: கணபதிப் பட்டறையில் எழுதி வைத்த பழுதுபார்ப்புக் குறிப்பு

வைகாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், என் அக்காள் மகன் கர்நாடகத்துத் தொட்டபள்ளாபூரிலிருந்து ஒரு குட்டியானை வண்டியில் மூன்று ஓக் பீப்பாய்களையும், திராட்சை பிழியும் கைத்திருகு இயந்திரம் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு, கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து அங்கே எட்டு ஏக்கரில் ஒயின் திராட்சை பயிரிட்டு, உரிமம் பெற்ற சிறிய ஆலை ஒன்றையும் நடத்துகிறார்கள். பீப்பாய்களை ஒரு வியாபாரியிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தார்கள். ஒரே ஒரு பருவம் மட்டும் வெள்ளை ஒயின் வைத்து எடுத்தவை என்றும், தண்ணீர் ஊற்றினால் தானாகச் சரியாகிவிடும் என்றும் வியாபாரி சொல்லியிருக்கிறார். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்த அந்தப் பீப்பாய்களின் பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது. "ஏனுங்க மாமா, பம்புசெட்டுல ஒழுக்கு நிறுத்தறவருக்கு இது ஒரு வேலைங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

முப்பது ஆண்டுகளாக நான் செய்வது பம்பு ஷாஃப்ட், புஷ், இம்பெல்லர் வேலைதான். அதில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் பொருள் திரும்பி வந்துவிடும். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பீப்பாய் செய்யும் தொழிலாளி நம் பக்கத்தில் இல்லாததால், மாட்டுவண்டிச் சக்கரம் செய்து பழகிய ஒரு பெரியாசாரியைச் சோமனூர்ப் பக்கத்திலிருந்து அழைத்து வந்தேன். இந்தப் பதிவில் உருப்படியான யோசனை என்று எது தென்படுகிறதோ, அதில் பாதி அவருடையது.

முதல் நாள் முழுவதும் அளப்பதிலேயே போனது. 225 லிட்டர் கொள்ளும் பீப்பாய். நீளம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், வயிற்றுப் பகுதியின் விட்டம் 70, பலகையின் கனம் 27 மில்லிமீட்டர், சுற்றிலும் முப்பது பலகைகள். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. பலகைகளின் ஓரங்கள் சாய்வாகச் சீவப்பட்டு, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வெளியே இரும்பு வளையங்கள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உள்ளே நீர்மம் இருக்கும்வரை மரம் ஊறிப் பருத்துத் தானே அடைத்துக்கொள்கிறது. வயிற்றின் சுற்றளவு சுமார் 2,200 மில்லிமீட்டர். காய்ந்த மரம் அகலவாக்கில் ஒரே ஒரு சதவீதம் சுருங்கினால் 22 மில்லிமீட்டர் குறைகிறது. முப்பது மூட்டுகளுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி. ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தபோது பெரும்பாலான மூட்டுகளில் 0.5 முதல் 0.8 வரை காட்டியது. கணக்கு ஒத்துவந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, ஏனென்றால் இது உடைசல் அல்ல, சுருக்கம் மட்டும்தான் என்று அதன்மூலம் தெரிந்தது.

ஓக் மரத்தில் இன்னொரு நுட்பம் இருப்பதைப் பெரியாசாரி பலகையின் முனையைப் பார்த்தே கண்டுபிடித்தார். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கதிர்போல ஓடும் மெல்லிய வரிகள், பலகையின் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அப்படி அறுத்தால்தான் அந்த வரிகள் நீர்மத்துக்குக் குறுக்கே சுவர்போல நிற்கும். அந்தத் திசையில் மரத்தின் சுருக்கமும் மற்றத் திசையில் பாதிதான். எங்கள் பீப்பாய்கள் அமெரிக்க வெள்ளை ஓக். அதன் நுண்குழாய்களை மரமே ஒருவகைச் சவ்வால் அடைத்து வைத்திருப்பதால், அதை ரம்பத்தால் அறுத்துப் பலகையாக்கலாம். பிரெஞ்சு ஓக்கில் அந்த அடைப்பு குறைவு என்பதால், நார் போகும் வழியிலேயே பிளந்து எடுக்க வேண்டும். கட்டைக்குக் கட்டை கழிவு அதிகமாகிறது, விலையும் ஏறுகிறது.

என் கை முதலில் எபாக்சிப் பசையை நோக்கித்தான் போனது. மாப்பிள்ளை பதறிவிட்டார். ஒயினில் இருக்கும் ஆல்கஹாலும் அமிலமும் மாதக்கணக்கில் அதை நனைத்துக்கொண்டிருக்கும் என்பது ஒருபுறம். அதைவிட, ஊறிப் பருக்க வேண்டிய மூட்டில் பருக்காத பசை ஒன்று உட்கார்ந்துவிட்டால் அடுத்த முறை மரம் காயும்போது அந்த இடம் நிரந்தரமாக விலகிவிடும் என்பதை அவர் விளக்கியபோது ஒப்புக்கொண்டேன். இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பட்டறையில் நடந்த சோதனை எல்லாம் வெறும் தண்ணீரில்தான். உரிமம் இல்லாமல் ஒயின் செய்வதற்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. 1937 ஆம் ஆண்டு அக்டோபரில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான் என்பதை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஒயின் உண்டான இடமும் ருசி பார்த்த இடமும் தொட்டபள்ளாபூர்.

தண்ணீரிலேயே நான் இரண்டு முறை சறுக்கினேன். சிறுவாணித் தண்ணீரின் ருசியை நாம் எவ்வளவு புகழ்ந்தாலும், குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கிறது. குளோரின் மரத்தோடு சேர்ந்து, அதில் பூஞ்சையும் படிந்தால், டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் உண்டாகும். ஒரு லிட்டரில் சில நானோகிராம் கலந்தாலே ஒயினில் ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். பீப்பாயைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது அதைவிடப் பெரிய தவறு. சரி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறதே என்று அதை ஒரு பீப்பாயில் இருபது லிட்டர் ஊற்றி ஓர் இரவு விட்டேன். காலையில் உட்புறத்தில் நீலக் கறுப்பாக ஒரு வளையம் ஓடியிருந்தது. தண்ணீரில் இருந்த இரும்பும், ஈர மரத்தின்மேல் நான் வைத்து மறந்த ஓர் இரும்பு உளியும் செய்த வேலை அது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகும் என்பதை நம் சாயக்காரர்கள் அறிவார்கள். ஓக் மரத்திலும் கடுக்காயைப் போலத் துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது. சிட்ரிக் அமிலக் கரைசலால் தேய்த்து அந்தக் கறையைப் பெரும்பாலும் எடுத்தோம். அதன்பிறகு குழாய்த் தண்ணீரைக் கரி வடிகட்டி வழியாக விட்டுக் குளோரினை நீக்கிய பிறகே பயன்படுத்தினோம். ஈர மரத்தைத் தொடும் கருவிகள் எல்லாவற்றையும் எவர்சில்வராக மாற்றினேன்.

முதல் பீப்பாய் மிக எளிதாக வழிக்கு வந்தது. வளையங்களை ஒரு மரக்கட்டை வைத்துச் சுத்தியால் தட்டி வயிற்றை நோக்கி இறக்கினோம். சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவாகத் தட்ட வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் வளையம் கோணிக்கொள்ளும். காய்ந்த மரத்தை வளையத்தால் மட்டுமே நெருக்கிவிடலாம் என்று நான் ஓங்கி அடிக்க ஆரம்பித்தபோது, "மரம் ஊறுறதுக்கு எடம் வேணுமுங்க" என்று பெரியாசாரி கையைப் பிடித்து நிறுத்தினார். இப்போதே முழுக்க இறுக்கிவிட்டால், பிறகு மரம் பருக்கும்போது ரிவெட் தெறிக்கும் அல்லது பலகை உள்வாங்கும். பிறகு பீப்பாயை நிமிர்த்தி வைத்து, ஏறக்குறைய 80 டிகிரி சூட்டில் பதினைந்து லிட்டர் வெந்நீரை உள்ளே ஊற்றி, அடைப்பானைச் செருகி, நான்கு பக்கமும் உருட்டினோம். உள்ளே நீராவி கிளம்பி அழுத்தம் கூடுவதால் ஒழுகும் இடமெல்லாம் குமிழியிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அவற்றைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டோம். மேல் முனையை மூடியிருக்கும் வட்டமான தலைப்பலகையின்மீதும் வெந்நீரைத் தேக்கி வைத்தோம். அரை மணி நேரம் கழித்துக் கவிழ்த்து, அடுத்த தலைக்கும் அதையே செய்தோம். சூடு ஆறியபின் அடைப்பானை எடுத்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. வெற்றிடத்தைத் தாங்கி நிற்கிறது என்றால் பீப்பாய் இறுகிவிட்டது என்று பொருள். அடுத்த இரண்டு நாளும் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி வைத்துக் குறையக் குறைய ஊற்றினோம். மூன்றாம் நாள் காலையில் தரை காய்ந்திருந்தது.

இரண்டாவது பீப்பாய்தான் எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. பலகைகள் எல்லாம் அடைத்துக்கொண்ட பிறகும், ஒரு பக்கத்துத் தலைப்பலகையின் விளிம்பிலிருந்து நூல்போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தலைப்பலகை, பக்கப் பலகைகளின் உட்புறத்தில் வெட்டிய ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒழுக்கு அந்தப் பள்ளத்தில். முனை வளையத்தையும் அதற்கு அடுத்ததையும் தளர்த்தினால்தான் தலையைக் கழற்ற முடியும். கழற்றும் முன் பலகைகளுக்கு எண் எழுதி, தலை எந்தப் பலகைக்கு நேராக இருந்தது என்பதையும் குறித்து வைத்தோம். அந்தக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால் பீப்பாய் அத்துடன் முடிந்திருக்கும். பார்வைக்கு வட்டமாக இருந்த தலையை வெர்னியரால் அளந்தபோது, நார் ஓடும் திசையில் 570 மில்லிமீட்டரும் அதற்குக் குறுக்கே 565 மில்லிமீட்டரும் இருந்தது. லேத்தில் இப்படி ஒரு பொருள் வந்தால் தூக்கி எறிந்துவிடுவேன். இங்கே அதுதான் சரியான அளவு, ஏனென்றால் மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம்; குறுக்கே மட்டும் சுருங்கி, ஊறினால் மீண்டும் வட்டமாகிவிடும்.

பீப்பாய் செய்வோர் இந்தப் பள்ளத்தில் மாவுப் பசையைப் பூசுவதும், பலகை மூட்டுகளுக்கு நடுவே நீரில் வளரும் கோரையின் உலர்ந்த இலையை வைப்பதும் மரபு. மாப்பிள்ளை இதைச் சொன்னவுடன் பெரியாசாரி சிரித்துவிட்டுத் தன் பேரனைக் குளத்தங்கரைக்கு அனுப்பினார். குளங்களில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் சம்பு, அங்கே ஐரோப்பாவில் இதற்குப் பயன்படும் கோரைக்கு உறவுக்காரன்தான். நிழலில் நான்கு நாள் காயவைத்து, நீளவாக்கில் கிழித்து, தலைப்பலகையின் இரண்டு மூட்டுகளில் வைத்தோம். பள்ளத்தில் கோதுமை மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துத் தடவி, தலையைப் பழைய குறிக்கு நேராக உட்காரவைத்து வளையங்களை ஏற்றினோம். மாவு அந்த இடுக்கில் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்கிறது. உள்ளே கசிந்தாலும் ஒயினுக்குக் கெடுதல் இல்லை. பலகை ஒன்றில் குண்டூசித் தலை அளவு ஒரு புழுத்துளையும் இருந்தது. அதற்கு மட்டும் மூங்கிலைக் கூராகச் சீவி, வெந்நீரில் வேகவைத்து, வெளியிலிருந்து ஆப்பாக அடித்து, மீதியை மட்டமாக அறுத்தெடுத்தோம்.

அந்தப் பீப்பாயின் ஒரு வளையம் ரிவெட் அருகே துருப்பிடித்து அறுந்திருந்தது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் அதே கனத்தில் துத்தநாகப் பூச்சுப் பட்டை ஒன்று கிடைத்தது. வளைத்து, ஓட்டை போட்டு, ரிவெட் அடித்து மாட்டினால் கீழ் விளிம்பு மட்டும் மரத்தைத் தொட்டது, மேல் விளிம்பு விலகி நின்றது. பீப்பாய் சாய்வானது, என் வளையமோ நேர்க்குழாய். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது நெருப்பில் காய்ச்சிப் பருக்கவைத்து மாட்டி, தண்ணீர் ஊற்றிச் சுருக்குவார்கள். இங்கே அந்த வழி உதவாது, ஏனென்றால் நெருப்புச் சூடு பலகையைக் கருக்கிவிடும். ஆனால் அதே கொல்லுப்பட்டறைக் கைவேலை உதவியது. பட்டையின் ஒரு விளிம்பை மட்டும் பட்டடைக் கல்லின்மேல் வைத்து, சுத்தியால் நெருக்கமாகத் தட்டிக்கொண்டே போனால், அந்த விளிம்பு மெலிந்து நீண்டு, பட்டை தானாகவே கூம்பாக வளைகிறது. எத்தனை தட்டு என்பதற்குக் கணக்கு இல்லை. நான் அடித்த முதல் பட்டை அலை அலையாகப் போனது. பெரியாசாரி அடித்தது உட்கார்ந்தது.

மூன்றாவது பீப்பாயைக் காப்பாற்ற முடியவில்லை. அடைப்பானை எடுத்தவுடனேயே காடி (வினிகர்) நெடி மூக்கில் ஏறியது. பாதி காலியான பீப்பாயில் காற்றுப் பட்டுக் கிடந்த ஒயின் மிச்சத்தை அசெட்டிக் பாக்டீரியா காடியாக மாற்றியிருக்க வேண்டும். வெந்நீரும் கந்தகமும் மேற்பரப்பைத்தான் சுத்தப்படுத்தும். ஒயின் மரத்துக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஊறியிருப்பதால் கிருமியும் அந்த ஆழத்தில் குடியிருக்கும். மூன்று முறை முயன்றோம், மூன்று முறையும் ஒரு வாரத்தில் நெடி திரும்பிவிட்டது. அதன் வளையங்களைக் கழற்றி மற்றவற்றுக்கு உபரியாக வைத்துக்கொண்டோம்.

பிழி இயந்திரத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, அது என் சொந்தத் தொழில். நடுத்திருகு 40 மில்லிமீட்டர் விட்டம், 7 மில்லிமீட்டர் புரி இடைவெளி கொண்ட ட்ரெபிசாய்டல் மரை. திருகு நன்றாக இருந்தது, செம்புக் கலவையான கன்மெட்டல் நட்டு மட்டும் தேய்ந்திருந்தது. புதிய நட்டைக் கடைந்து போட்டேன். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரும்பும் செம்பும் சாற்றில் இறங்கினால் வெள்ளை ஒயின் பின்னால் கலங்கும். ஆகவே நட்டுக்குக் கீழே எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பொருத்தி, கிரீஸும் கன்மெட்டல் தூளும் கூடைக்குள் விழாமல் தடுத்தேன். உணவுத் தொழிலுக்கு உரிய கிரீஸை மட்டுமே பயன்படுத்தச் சொன்னேன்.

ஒழுக்கு நின்ற பிறகு எனக்கு ஒரு புதிய தொல்லை ஆரம்பித்தது. அறுவடை மாசியில், இப்போது ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று கோயமுத்தூரில் துணியையே ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடும். காலிப் பீப்பாயை விட்டுவைக்குமா? வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் நிரப்பி வைத்தால் அது நாறிப்போகும். ஆகவே ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற கந்தக உப்பும் ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மாதம் ஒருமுறை குறைந்த அளவை ஊற்றி, வெளியே ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தோம். கந்தக நெடிக்கு இருமாதவர்கள் பட்டறையில் ஒருவரும் இல்லை. காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதைத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். புதிதாகப் பீப்பாய் வாங்கும் எவருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: பழுதுபார்த்த பன்னிரண்டு நாளைவிட, பழுதில்லாமல் வைத்திருந்த ஆறு மாதம்தான் அதிக வேலை வாங்கியது.

இந்த இடைவெளியில் மாப்பிள்ளை கேட்டபடி, பீப்பாயின் அடியில் படியும் வண்டலைக் கலக்க ஒரு கலக்குக் கம்பி செய்தேன். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள அடைப்பான் துளை வழியாக நுழைய வேண்டும், உள்ளே போனபின் சிறகு விரிய வேண்டும். எட்டு மில்லிமீட்டர் கம்பியின் முனையில் கீல் வைத்த தகடு ஒன்றைப் பொருத்தினேன். சுழற்றினால் விரியும், தூக்கினால் மடியும். 304 ரக எவர்சில்வரை எடுத்தவனை அவர் தடுத்து 316 ரகம் கேட்டார். கந்தக டை ஆக்சைடு ஆவி படும் இடத்தில் 304 புள்ளி புள்ளியாக அரித்துவிடுமாம். அது உண்மை என்பதை ஆலையில் பழைய தொட்டி ஒன்றின் மூடியைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

மாசி மாதம் பீப்பாய்களோடு நானும் போனேன். என் அப்பா தொண்டாமுத்தூரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தவர். கவாத்து, மருந்தடிப்பு, வவ்வால் தொல்லை எல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் அங்கே பார்த்த ஷெனின் பிளாங் என்ற ஒயின் திராட்சைக் கொடி வேறு மாதிரி. தலைக்குமேல் பந்தல் இல்லை. இடுப்பளவில் கம்பிகளில் கட்டி, இலையைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். பழம் சிறியது, தோல் கெட்டி, விதை உண்டு. நம் சந்தையில் யாரும் விலை கேட்கமாட்டார்கள். குளிர்காலத்தில் கொடி தூங்கும் நாடுகளில் ஒரு கவாத்து போதும். நம் தென்னாட்டில் கொடிக்குத் தூக்கமே இல்லாததால், கோடையில் ஒரு கவாத்து செய்து கிளையை மட்டும் வளரவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் மறு கவாத்து செய்து, அதில் வரும் குலையை மட்டும் எடுக்கிறார்கள். பழம் பனிக்குப் பிந்தைய வறண்ட நாட்களில் முதிர்வதற்காகவே இந்தக் கணக்கு.

விடிவதற்கு முன்பே தலைவிளக்கு கட்டிக்கொண்டு குலைகளை வெட்டினார்கள். சர்க்கரை அளவு 22 பிரிக்ஸ். ஏறக்குறைய பன்னிரண்டரை சதவீத ஆல்கஹால் கிடைக்கும் அளவு அது. வெள்ளை ஒயினுக்குத் தோலோடு ஊறவிடுவதில்லை. குலையைக் காம்போடு அப்படியே கூடையில் போட்டுப் பிழிந்துவிடுகிறார்கள். காம்பு இடையில் இருப்பதால் சாறு வடிய வழி கிடைக்கிறது. நான் கடைந்த நட்டு அன்று நான்கு மணி நேரம் சத்தமில்லாமல் உழைத்தது. ஒரு டன் பழத்துக்கு ஏறக்குறைய 600 லிட்டர் சாறு. கடைசித் திருகலில் வரும் துவர்ப்பான சாற்றைத் தனியே பிரித்துவிட்டார்கள். வெப்பமான ஊரில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் இறங்கிவிடுவதால் டார்டாரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்தார்கள். நம் புளியம்பழத்தின் புளிப்பும் அதே அமிலம்தான் என்று மாப்பிள்ளை சொன்னபோது, அக்காள், "அப்பறமென்ன, ஒரு உருண்டை புளியக் கரைச்சு ஊத்தீர வேண்டியதுதானே" என்றாள்.

சாற்றை இரவு முழுவதும் குளிரில் தெளியவிட்டு, மறுநாள் மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு எவர்சில்வர் தொட்டியிலேயே கடைசிவரை. ஒரு பங்கு நேரே முதல் பீப்பாய்க்குள் போய் அங்கேயே நொதித்தது. நுரை பொங்கும் என்பதால் பீப்பாயில் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டிருந்தார்கள். மூன்றாவது பங்கு தொட்டியில் 15 டிகிரி குளிரில் நொதித்து முடிந்து தெளிந்தபின் இரண்டாவது பீப்பாய்க்குள் போனது. அதுவரை அந்தப் பீப்பாய் கந்தகத் தண்ணீரோடு காத்திருந்தது. முதல் பீப்பாய்க்குக் குளிரூட்டும் உறை இல்லை, அறைக் குளிர்தான். நொதிப்பின் உச்சத்தில் 21 டிகிரிவரை ஏறியது. காதை வைத்துக் கேட்டால் இட்லி மாவுப் பானைபோல உள்ளே சலசலத்துக்கொண்டிருந்தது.

நொதிப்பு அடங்கியதும் ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படிகிறது. முதல் பீப்பாயில் அதை அகற்றாமல், வாரம் ஒருமுறை என் கம்பியால் கலக்கிவிட்டார்கள். ஒயினுக்கு ஒருவிதக் கொழுமை வருகிறது. வெண்ணெய் வாசம் தரும் மாலோலாக்டிக் நொதிப்பை இவர்கள் வேண்டாம் என்று கந்தகத்தால் தடுத்துவிட்டார்கள், ஏனென்றால் ஏற்கெனவே குறைவான புளிப்பு அதனால் மேலும் குறையும். ஒயின் கெடாமல் இருக்க, பிஎச் 3.4 இருக்கும் ஒயினுக்கு லிட்டருக்கு 32 மில்லிகிராம் அளவில் கட்டற்ற, அதாவது வேறெதனோடும் சேராமல் இருக்கும், கந்தக டை ஆக்சைடு வேண்டும், பிஎச் 3.5 ஆனால் அதுவே 40 ஆகிறது. புளிப்புக் குறையக் குறைய மருந்தின் வேகமும் குறைகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பீப்பாயை விளிம்புவரை நிரப்ப வேண்டியிருந்தது. பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு பீப்பாயும் மாதத்துக்கு ஒரு லிட்டருக்குமேல் காற்றுக்குக் கொடுத்தது. மழைக்காலத்தில் அது பாதியாகக் குறைந்தது. மாவும் சம்பும் வைத்த தலையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை என்று மாப்பிள்ளை மாதாமாதம் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படங்களை நான் பெரியாசாரிக்குக் காட்டுவேன்.

ஆறு மாதம் கழித்து ஆவணியில் எடுத்தார்கள். பென்டோனைட் களிமண் கலந்து புரதத்தைப் படியவைத்து, பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரவைத்து டார்டாரிக் உப்பைப் படிகமாக இறக்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்தார்கள். ஒரு பீப்பாய்க்கு 750 மில்லிலிட்டர் பாட்டில் கணக்கில் 300 வர வேண்டும். வண்டலும் வடிகட்டியும் போக 280 சொச்சம் வந்தது.

மார்கழியில் நானும் அக்காளும் மீண்டும் போனோம். மூன்று கிளாஸில் மூன்று ஒயின்களை ஊற்றி, எது எதிலிருந்து என்று சொல்லாமல் வைத்தார்கள். தொட்டியில் மட்டும் இருந்ததை நான் உடனே கண்டுபிடித்தேன்: நிறம் வெளிறி, கொய்யாவும் எலுமிச்சையும் கலந்த வாசம். மற்ற இரண்டில் ஒன்று மூக்கருகே வந்ததுமே மரம் என்று அடித்துச் சொன்னது. குடிக்காத அக்காள் அதை முகர்ந்துவிட்டு, "காங்கயத்துக் கொப்பரைக் களத்துல நின்ன மாதிரி இருக்குது தம்பி" என்றாள். அவள் சொன்னதில் மிகை இல்லை. அமெரிக்க ஓக்கில் நிறைய இருக்கும் லாக்டோன் என்ற பொருளின் வாசமே தேங்காய்தான். இன்னொன்றில் மரம் இருப்பதே மெதுவாகத்தான் தெரிந்தது. வறுத்த முந்திரிபோல ஏதோ ஒன்று, பிறகு புளிப்பு, பிறகு நாக்கில் ஒரு வழவழப்பு. இதுதான் பீப்பாயில் குறைந்த காலம் இருந்ததாக இருக்கும் என்று நான் அடித்துப் பேசினேன்.

நேர்மாறாக இருந்தது. கொப்பரை வாசம் வீசியது, தொட்டியில் நொதித்தபின் பீப்பாய்க்குப் போன ஒயின். மெதுவானது, முதல் நாளிலிருந்தே பீப்பாயில் கிடந்தது. நொதிக்கும்போது உயிரோடு இருக்கும் ஈஸ்ட், மரத்திலிருந்து இறங்கும், வனிலா வாசம் தரும் வனிலினை வாசம் இல்லாத வேறொரு ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. மிச்சம் இருக்கும் மரச்சத்தில் ஒரு பகுதியை வண்டல் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. தெளிந்த ஒயினை ஊற்றினால் இந்த இரண்டும் நடக்க வழியில்லை, மரம் தன் முழுக் குரலில் பேசுகிறது. இரண்டு பீப்பாயும் ஒரே இடத்தில் வாங்கிய ஒரே வகை என்பதால் மரத்தின்மேல் பழிபோட முடியவில்லை. பீப்பாய் செய்யும்போது ஒன்றின் உட்புறம் நெருப்பில் கூடுதலாகக் கருக்கப்பட்டதோ என்று நான் உள்ளே விளக்கு விட்டுப் பார்த்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை முடிவில் இரண்டையும் தனித்தனியே விற்காமல், மெதுவானதில் மூன்று பங்கு, கொப்பரையில் ஒரு பங்கு, தொட்டியில் இரண்டு பங்கு என்று கலந்து பார்த்தார். எனக்குக் கலக்காத மெதுவானதே பிடித்திருந்தது. அடுத்த பருவத்தில் இரண்டு பீப்பாயிலும் சாற்றையே நேராக ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

காடி ஏறிய மூன்றாவது பீப்பாய் இன்னும் பட்டறைப் பின்புறத்தில் நிற்கிறது. பெரியாசாரி அதைப் பாதியாக அறுத்து இரண்டு தொட்டியாக்கிக் கறிவேப்பிலை வைக்கச் சொன்னார். நான் இன்னும் அறுக்கவில்லை. தையில் மேலும் நான்கு பழைய பீப்பாய்கள் வருகின்றன. வாங்கும் இடத்திலேயே அடைப்பானைத் திறந்து முகர்ந்து பார்க்கும்படியும், ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் இருபது லிட்டர் குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றி, வழியில் சேலத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒருமுறை உருட்டிவிடும்படியும் மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.